கெர்னலில் மணி என்ன? லினக்ஸ் டிரைவர் எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு டிரைவரோ (வன்பொருளை இயக்கும் நிரல்) மாட்யூலோ (ஓடும் கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் துண்டு நிரல்) எழுத வருபவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: இப்போது நேரம் என்ன என்று எந்த ஃபங்ஷனைக் கேட்பது? தேடினால் ஒரு டஜனுக்கு மேல் கிடைக்கும். பெயர்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எதை எடுத்துப் போட்டாலும் கம்பைல் ஆகும், ஓடும், வரும் எண்ணும் சரியானதுபோலவே தெரியும். தவறான தேர்வு வெளியே தெரிவது பிறகுதான். யாராவது லேப்டாப்பை மூடித் திறந்திருப்பார்கள், அல்லது சர்வரின் தேதியை மாற்றியிருப்பார்கள், அல்லது நொடிக்குப் பத்து லட்சம் பாக்கெட் வரும் நெட்வொர்க் கார்டில் உங்கள் கோடு ஓடத் தொடங்கியிருக்கும்.

சரியாகத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும். இந்த நேரம் எதற்கு வேண்டும்? எவ்வளவு நுணுக்கமாக வேண்டும்? முதல் கேள்விக்கான பதில், எந்தக் கடிகாரம் என்று சொல்லிவிடும். இரண்டாவது, அதற்கு ப்ராசஸர் எத்தனை சைக்கிள் (அதன் துடிப்புகள்) செலவழிக்கப்போகிறது என்பதை முடிவு செய்யும். கெர்னலில் நேரம் கேட்பது இலவசம் அல்ல. ஒரு முறை கேட்க சில சைக்கிளும் ஆகலாம், பல ஆயிரம் சைக்கிளும் ஆகலாம்.

ஃபங்ஷன் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அசல் பெயரிலும் அடிக்கோடுதான். கெர்னல் மூலநிரலில் தேடும்போது இது உதவும்.

படி 1: உங்கள் கணினி எதைப் பார்த்து நேரம் சொல்கிறது?

டெர்மினலைத் திறந்து /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/க்ளாக்சோர்ஸ்/க்ளாக்சோர்ஸ்0/ என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே கரண்ட்_க்ளாக்சோர்ஸ் என்ற கோப்பில் இப்போது பயன்பாட்டில் இருக்கும் கடிகாரத்தின் பெயரும், அவைலபிள்_க்ளாக்சோர்ஸ் என்ற கோப்பில் மாற்றிக்கொள்ளக்கூடிய மற்றவற்றின் பெயர்களும் இருக்கும். இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி என்றால் பெரும்பாலும் டிஎஸ்சி (ப்ராசஸருக்குள் இருக்கும் டைம்ஸ்டாம்ப் கவுண்டர்) என்று வரும். கேவிஎம் விர்ச்சுவல் மெஷினில் கேவிஎம்-க்ளாக் என்று வரலாம். ராஸ்பெர்ரி பை 4 போன்ற ஆர்ம் போர்டில் ஆர்ச்_சிஸ்_கவுண்டர் என்று இருக்கும்.

இவை எதுவும் மணி, நிமிடம் தெரிந்த கடிகாரங்கள் அல்ல. வெறும் கவுண்டர்கள். ஒரே வேகத்தில் எண்ணிக்கொண்டே போவது மட்டும்தான் அவற்றின் வேலை. ராஸ்பெர்ரி பை 4-இல் இருப்பது நொடிக்கு 5.4 கோடி முறை எண்ணும். பழைய பிசிகளில் இருந்த பிஐடி என்ற டைமர் சிப்பின் வேகம் 1.193182 மெகாஹெர்ட்ஸ். ஏசிபிஐ பிஎம் டைமருக்கு 3.579545, எச்பிஇடி என்ற இன்னொரு டைமருக்குப் பொதுவாக 14.31818. இந்த விநோதமான எண்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 3.579545 மெகாஹெர்ட்ஸ் என்பது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற சிக்னலுக்கான அலைவெண். அதன் நான்கு மடங்கில் துடிக்கும் படிகத்தை ஐபிஎம் 1981-இல் தன் முதல் பிசியில் வைத்தது. அதை 12-ஆல் வகுத்தால் பிஐடி, 4-ஆல் வகுத்தால் ஏசிபிஐ டைமர். அந்தத் தொலைக்காட்சி முறையே வழக்கொழிந்துவிட்டது. எண் மட்டும் இன்னும் நம் மதர்போர்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நமக்கு முக்கியமானது கவுண்டரின் வேகத்தைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். டிஎஸ்சி ப்ராசஸரின் கோருக்குள்ளேயே இருக்கிறது. ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன், சில பத்து சைக்கிளில் பதில் கிடைத்துவிடும். எச்பிஇடியும் ஏசிபிஐ டைமரும் கோருக்கு வெளியே, சிப்செட்டில் இருப்பவை. அவற்றைப் படிக்கப் போன கோர் பதில் வரும்வரை சும்மா நிற்கும். ஒரு மைக்ரோநொடி நின்றால் 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரில் 3,000 சைக்கிள் போச்சு. விர்ச்சுவல் மெஷினுக்குள் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்தப் படிப்பை, விர்ச்சுவல் மெஷினை நடத்தும் ஹைப்பர்வைசர் இடைமறித்துப் பதில் தர வேண்டியிருக்கும்.

அப்படியானால் எல்லோரும் டிஎஸ்சியையே எப்போதும் பயன்படுத்தியிருக்கலாமே? 1993-இல் பென்டியத்தோடு வந்தது அது. ஆனால் நெடுநாள் வரை நம்ப முடியாததாக இருந்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்க ப்ராசஸர் வேகத்தைக் குறைத்தால் எண்ணும் வேகமும் குறைந்தது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் எண்ணுவதையே நிறுத்தியது. ஒரு கோரில் ஒரு எண், பக்கத்துக் கோரில் வேறொரு எண் என்ற நிலையும் இருந்தது. இப்போதைய ப்ராசஸர்களில் இவை பெரும்பாலும் சரிசெய்யப்பட்டுவிட்டன. /ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பில் கான்ஸ்டன்ட்_டிஎஸ்சி, நான்ஸ்டாப்_டிஎஸ்சி என்ற இரண்டு கொடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கணினி நல்ல நிலையில் இருக்கிறது.

கொடி இருந்தாலும் கெர்னல் முழுதாக நம்பிவிடுவதில்லை. டிஎஸ்சியைக் கண்காணிக்க வேண்டும் என்று கருதும் கணினிகளில், அரை நொடிக்கு ஒரு முறை வாட்ச்டாக் ஒன்று அதை இன்னொரு கவுண்டரோடு ஒப்பிடும். வித்தியாசம் அளவு மீறினால் டிஎஸ்சி நிலையற்றது என்று முத்திரை குத்திவிட்டு, எச்பிஇடி அல்லது ஏசிபிஐ டைமருக்கு மாறிவிடும். சர்வர் ஒன்று காரணமே தெரியாமல் மந்தமாகிவிட்டால் நான் முதலில் பார்ப்பது, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் டிஎஸ்சி நிலையற்றது என்ற ஒற்றை வரி இருக்கிறதா என்றுதான். டேட்டாபேஸும் வெப் சர்வரும் நொடிக்கு எத்தனை முறை நேரம் கேட்கின்றன என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

படி 2: எந்தக் கடிகாரம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே கவுண்டரிலிருந்து கெர்னல் பல கடிகாரங்களை உருவாக்கித் தருகிறது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

கேடைம்_கெட்_ரியல்() தருவது சுவரில் மாட்டிய கடிகாரத்தின் நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படுவது. இது முன்னும் பின்னும் தாவும். நிர்வாகி தேதியை மாற்றினால் தாவும், நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி பெரிய திருத்தம் செய்தால் தாவும், பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட எப்போதாவது சேர்க்கப்படும் லீப் நொடி வந்தாலும் தாவும். கோப்பில் பதிவு செய்யவும், வேறொரு கணினிக்கு அனுப்பவும், மனிதருக்குக் காட்டவும் இது வேண்டும். வேறு எதற்கும் வேண்டாம்.

கேடைம்_கெட்() தருவது மோனோடானிக் நேரம், அதாவது பூட் ஆனதிலிருந்து முன்னோக்கி மட்டுமே போகும் நேரம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது, காத்திருந்தது போதுமா, இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்பது போன்ற எல்லாவற்றுக்கும் இதுதான். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் இதையே எடுங்கள். பத்தில் ஒன்பது முறை அதுவே சரியாக இருக்கும்.

இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு க்ளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் நடந்தது நல்ல உதாரணம். 2017 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டது. அவர்களின் டிஎன்எஸ் மென்பொருள் (இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றுவது) கோ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. சுவர்க் கடிகார நேரம் இரண்டைக் கழித்து இடைவெளி கண்டுபிடிக்கும் இடம் அதில் ஒன்று இருந்தது. இடைவெளி மைனஸில் போகும் என்று அந்தக் கோடு எதிர்பார்க்கவில்லை. அந்த எண் ஒரு ரேண்டம் ஃபங்ஷனுக்குள் போனதும் நிரல் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கோ 1.9, நேர மதிப்புக்குள் மோனோடானிக் அளவையும் சேர்த்தே வைக்கத் தொடங்கியது. கெர்னலில் உங்களுக்காக அப்படி யாரும் சேர்த்து வைக்க மாட்டார்கள். நீங்கள்தான் சரியான ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்.

கெர்னலே இதில் அடிபட்டிருக்கிறது. 2012 ஜூன் 30 நள்ளிரவு லீப் நொடியின்போது, சுவர்க் கடிகாரம் ஒரு நொடி நகர்ந்த செய்தி, கெர்னலின் நுணுக்கமான டைமர்களைக் கவனிக்கும் எச்ஆர்டைமர் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் ஒரு நொடிக்கும் குறைவாகத் தூங்க வேண்டிய நிரல்கள் படுத்தவுடனே எழுந்தன. மறுபடி படுத்தன, மறுபடி எழுந்தன. உலகம் முழுக்கப் பல சர்வர்களில் ப்ராசஸர் 100 சதவீதத்தில் சுழன்றது. அன்று பலரும் செய்த முதலுதவி, டேட் கட்டளையில் இப்போதைய தேதியையே மறுபடி செட் செய்ததுதான். அது டைமர்களுக்கும் புது நேரத்தைத் தெரிவித்துவிட்டது.

மோனோடானிக்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: கணினி சஸ்பெண்டில் தூங்கும் நேரத்தை அது கணக்கில் எடுக்காது. தூங்கிய நேரமும் சேர வேண்டும் என்றால் கேடைம்_கெட்_பூட்டைம்(). பேட்டரி டிரைவர், ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் சாவி மாதிரியான இடங்களில் இது தேவைப்படும். இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று 2018-இல் 4.17 பதிப்பின்போது முயன்றார்கள். பயனர் நிரல்கள் சில உடைந்ததால் வெளியீட்டுக்கு முன்பே அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. எனவே வித்தியாசம் இன்றும் அப்படியே இருக்கிறது.

இன்னும் இரண்டு இருக்கின்றன. மோனோடானிக் பின்னோக்கிப் போகாவிட்டாலும் என்டிபி அதன் வேகத்தை லேசாகக் கூட்டும், குறைக்கும். அந்தத் தலையீடே வேண்டாம் என்றால் கேடைம்_கெட்_ரா(). லீப் நொடியே இல்லாத டிஏஐ நேரம் வேண்டுமென்றால் கேடைம்_கெட்_க்ளாக்டிஏஐ(). முதல் டிரைவரில் இரண்டும் தேவைப்பட வாய்ப்பு குறைவு.

படி 3: கேடைம்_கெட்() உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு முறை பாருங்கள்

இதைத் தாண்டிப் போகலாம்தான். ஆனால் எந்த ஃபங்ஷன் ஏன் மலிவு என்பது இங்கே பார்த்தால்தான் புரியும். மூலநிரலில் கெர்னல்/டைம் அடைவில் டைம்கீப்பிங் என்ற சி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

டிக் (சீரான இடைவெளியில் வரும் டைமர் துடிப்பு) ஒவ்வொன்றிலும் கெர்னல் ஒரு சின்னக் கணக்கை எழுதி வைக்கிறது: கவுண்டர் இந்த எண்ணில் இருந்தபோது நேரம் இவ்வளவு. பிறகு யார் நேரம் கேட்டாலும் கவுண்டரின் இப்போதைய எண்ணைப் படித்து, எழுதி வைத்த எண்ணைக் கழித்து, வித்தியாசத்தை நானோநொடியாக மாற்றி, அடிப்படை நேரத்தோடு கூட்டிக் கொடுத்துவிடும்.

மாற்றுவது எப்படி? சைக்கிள் எண்ணிக்கையை அலைவெண்ணால் வகுக்க வேண்டும். ஆனால் வகுத்தல் மெதுவானது, தசம எண்களைக் கெர்னலில் சாதாரணமாகத் தொடவும் முடியாது. அதனால் வகுத்தலுக்குப் பதில் ஒரு பெருக்கல், பிறகு வலப்பக்கம் பிட் நகர்த்தல். பெருக்கும் எண்ணின் பெயர் மல்ட், நகர்த்தும் அளவின் பெயர் ஷிஃப்ட். 3 கிகாஹெர்ட்ஸ் டிஎஸ்சி, ஷிஃப்ட் 24 என்று வைத்துக்கொள்வோம். 2-இன் 24-ஆம் அடுக்கு 1,67,77,216. அதை 3-ஆல் வகுத்தால் மல்ட் 55,92,405. இப்போது 30 லட்சம் சைக்கிள், அதாவது சரியாக ஒரு மில்லிநொடி, கடந்திருந்தால் 30,00,000 × 55,92,405, பிறகு 24 பிட் நகர்த்தல். விடை 9,99,999 நானோநொடி. ஒரே ஒரு நானோநொடி குறைவு, அதுவும் கீழே வெட்டியதால் வந்தது.

மல்ட்டில் விட்டுப்போன மூன்றில் ஒரு பங்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிநொடி பிழையாகச் சேரும். கவலை வேண்டாம். என்டிபி திருத்தம் சொல்லும்போது கெர்னல் மாற்றுவது இதே மல்ட் எண்ணைத்தான். ஒன்றைக் கூட்டுவதும் குறைப்பதுமாக அந்தப் பின்னமும் அதிலேயே சரிக்கட்டப்படுகிறது. கடிகாரத்தைத் தாவவிடாமல் மெதுவாக நெறிப்படுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

ஷிஃப்ட்டை இன்னும் பெரிதாக வைத்தால் துல்லியம் கூடுமே என்று கேட்கலாம். கூடும், ஆனால் பெருக்கிய விடை 64 பிட்டுக்குள் அடங்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 2-இன் 40-ஆம் அடுக்கு நானோநொடி, அதாவது ஏறக்குறைய 18 நிமிடம் வரைதான் தாங்கும். அதற்குள் ஒரு முறையாவது அடிப்படை நேரத்தைப் புதுப்பித்தாக வேண்டும். ப்ராசஸர் வேலையில்லாமல் தூங்கி, டிக் நின்றுபோயிருந்தாலும் இந்தக் கெடுவைத் தாண்டித் தூங்க முடியாது. 24 பிட் ஏசிபிஐ டைமரின் பாடு இன்னும் திண்டாட்டம். அது 4.7 நொடிக்கு ஒரு முறை முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது லாக். ஒரு கோர் அடிப்படை நேரத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது வேறு கோர் படித்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து வரும். சாதாரண லாக் போட்டால் நேரம் கேட்கும் எல்லாக் கோர்களும் ஒரே கேஷ் வரிக்காக (ப்ராசஸரின் வேக நினைவகத்தில் ஒரு துண்டு) அடித்துக்கொள்ளும். அதற்குத்தான் சீக்வென்ஸ் கவுண்டர். கிரிக்கெட் மைதானத்தில் ஸ்கோர் பலகையைக் கையால் மாற்றுபவர் ஏணியில் நிற்கும்போது நாம் என்ன செய்வோம்? அவர் இறங்கும்வரை பொறுத்துப் பார்ப்போம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறிவிட்டால் இன்னொரு முறை பார்ப்போம். அதேதான் இங்கும். எழுதுபவர் தொடங்கும்போது வரிசை எண்ணை ஒன்று கூட்டுவார், முடிக்கும்போது இன்னொன்று கூட்டுவார். எண் ஒற்றைப்படையாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். படிப்பவர் பக்கம் இப்படி இருக்கும்:

மறுபடி மறுபடி செய்:
    எண் = வரிசை எண் (ஒற்றைப்படை என்றால் காத்திரு)
    அடிப்படை = எழுதி வைத்த நேரம்
    வித்தியாசம் = கவுண்டர் இப்போது − எழுதி வைத்த கவுண்டர்
    நானோ = (வித்தியாசம் × மல்ட் + முன்பு வெட்டிய மிச்சம்) >> ஷிஃப்ட்
வரிசை எண் இடையில் மாறியிருந்தால் மறுபடி தொடங்கு, மாறாவிட்டால் வெளியே வா
திருப்பிக் கொடு: அடிப்படை + நானோ

படிப்பவர் எதையும் எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் கோர்கள் ஒரே நேரத்தில் கேட்டாலும் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய டைம்கவுண்டர் முறை இதே சிக்கலை வேறு மாதிரி தீர்க்கிறது. அங்கே கணக்கின் பல பிரதிகள் வளையமாக இருக்கும், எழுதுபவர் அடுத்த பிரதியில் எழுதி முடித்துவிட்டுச் சுட்டியை அதற்கு மாற்றுவார்.

படி 4: இவ்வளவு நுணுக்கம் தேவையா?

மேலே உள்ளதில் செலவு பிடிக்கும் வரி ஒன்றே ஒன்றுதான்: கவுண்டரைப் படிப்பது. அதை விட்டுவிட்டு, கடைசி டிக்கில் எழுதி வைத்த நேரத்தை மட்டும் கொடுத்தால்? அதுதான் கேடைம்_கெட்_கோர்ஸ்() வகை. ஹார்ட்வேரைத் தொடவே தொடாது. நல்ல டிஎஸ்சி உள்ள கணினியில் சுமார் 100 சைக்கிள் மிச்சம். வெளியே இருக்கும் கவுண்டரை நம்பியிருக்கும் பழைய கணினியில் சில மைக்ரோநொடி வரை மிச்சம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. பதிலுக்கு நீங்கள் இழப்பது நுணுக்கம். டிக் நொடிக்கு 250 என்றால் நேரம் 4 மில்லிநொடிப் படிகளாகத்தான் நகரும்.

கோப்பு முறைமைகள் நெடுங்காலமாக இந்த மலிவான நேரத்தையே கோப்பு மாறிய நேரமாகப் பதிந்து வந்தன. ஒரே டிக்குக்குள் ஒரு கோப்பு இரண்டு முறை மாறினால் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான். நெட்வொர்க் வழியாகக் கோப்பு பகிரும் என்எஃப்எஸ் போன்ற இடங்களில் இது தொல்லை: முத்திரை மாறவில்லை, எனவே கோப்பும் மாறவில்லை என்று க்ளையன்ட் நினைத்துக்கொள்ளும். 6.13 பதிப்பில் மல்டிக்ரெய்ன் முத்திரை வந்தது. யாராவது முத்திரையைக் கேட்டுப் பார்த்திருந்தால் மட்டும் அடுத்த மாற்றத்துக்கு நுணுக்கமான நேரத்தைப் பதியும், மற்றபடி பழைய மலிவு நேரமே. தேவைப்படும்போது மட்டும் செலவழிக்கும் இந்தப் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடித்தது.

நொடிக் கணக்கே போதுமென்றால் கேடைம்_கெட்_செகண்ட்ஸ்() ஒரே ஒரு மெமரி படிப்பு. டைம்அவுட்டுக்கு ஜிஃபீஸ் (டிக்குகளின் எண்ணிக்கை) போதும், அதுவும் ஒரு மெமரி படிப்புதான். ஆனால் ஜிஃபீஸை நேரடியாகப் பெரிது சிறிது என்று ஒப்பிடாதீர்கள். 32 பிட்டில் டிக் நொடிக்கு 1000 என்றால் 49.7 நாளில், 100 என்றால் 497 நாளில் அது சுற்றி வந்துவிடும். டைம்_ஆஃப்டர்(), டைம்_பிஃபோர்() மேக்ரோக்கள் கழித்துப் பார்த்துக் குறியைச் சோதிப்பதால் சுற்றினாலும் சரியாக வேலை செய்யும். இந்தத் தவறு ஒரு வருடம் ஓடிய சர்வரில்தான் வெளிப்படும் என்றால் யார் கண்டுபிடிப்பது? அதனால் ஜிஃபீஸ் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 32 பிட் எண்ணாகப் பார்த்தால் பூட் ஆகி 5 நிமிடத்தில் சுற்றும்படி, மைனஸ் 300 நொடியிலிருந்து தொடங்கவைத்திருக்கிறார்கள்.

என் கருத்து: முதலில் கேடைம்_கெட்() போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், ஒவ்வொரு டிஸ்க் கோரிக்கைக்கும் ஓடும் பாதை என்று அளந்து உறுதியான பிறகு மலிவான வகைக்கு மாறலாம். நொடிக்குப் பத்து முறை ஓடும் கோடில் 100 சைக்கிள் மிச்சம் பிடிப்பதால் யாருக்கும் லாபமில்லை.

படி 5: தனி விதி உள்ள இடங்கள்

என்எம்ஐ, அதாவது தடுக்கவே முடியாத இன்டரப்ட், அதற்குள்ளிருந்து கேடைம்_கெட்() கூப்பிடக் கூடாது. அதே கோர் நேரத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நடுவில் என்எம்ஐ வந்திருந்தால், வரிசை எண் ஒற்றைப்படையில் நிற்கும். அது மாற வேண்டுமென்றால் என்எம்ஐ முடிய வேண்டும்; என்எம்ஐ முடிய வேண்டுமென்றால் எண் மாற வேண்டும். கணினி அங்கேயே உறைந்துவிடும். இதற்காகவே கேடைம்_கெட்_மோனோ_ஃபாஸ்ட்_என்எஸ்() இருக்கிறது. அது கணக்கை இரண்டு பிரதிகளாக வைத்து, ஒன்றை மாற்றும்போது மற்றதைப் படிக்கவிடும். புதுப்பிக்கும் கணத்தில் நேரம் லேசாகப் பின்வாங்கித் தெரியலாம் என்பதுதான் இதற்கு விலை. கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஓட்டும் சிறு நிரல்களான பிபிஎஃப் நிரல்களில் நீங்கள் கூப்பிடும் பிபிஎஃப்_கேடைம்_கெட்_என்எஸ்() உள்ளே இதைத்தான் பயன்படுத்துகிறது.

டிமெஸ்ஜி வரிகளின் முன்னால் இருக்கும் நேரம் லோக்கல்_க்ளாக்() தருவது. எந்த நிரல் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலருக்காக ஏற்பட்ட வேகமான கடிகாரம் அது. என்டிபி திருத்தம் அதற்கு இல்லை, சஸ்பெண்டில் தூங்கிய நேரத்தையும் அது கணக்கில் எடுக்காது. லேப்டாப் தூங்கி எழுந்த பிறகு டிமெஸ்ஜியில் தேதி காட்டும் தெரிவைப் போட்டால் தவறான மணி வருவது இதனால்தான்.

32 பிட் போர்டுக்கு எழுதுகிறீர்களா? 64 பிட் நானோநொடியைச் சாதாரண வகுத்தல் குறி போட்டு வகுத்தால், லிங்க் ஆகும்போது இல்லாத ஒரு ஃபங்ஷனைத் தேடிப் பிழை வரும். கேடைம்_டு_யுஎஸ்(), டிவ்_யு64() போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். நொடியை 32 பிட் குறியுள்ள எண்ணில் சேமிக்காதீர்கள். 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பி வழியும். கெர்னலின் கேடைம்_டி 64 பிட் நானோநொடி என்பதால் 292 ஆண்டு தாங்கும்.

படி 6: நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு சின்ன மாட்யூல் எழுதுங்கள். அதன் இனிட் ஃபங்ஷனில் கேடைம்_கெட்_என்எஸ்() மூலம் தொடக்க நேரம் எடுத்து, சோதிக்க வேண்டிய ஃபங்ஷனைப் பத்து லட்சம் முறை கூப்பிட்டு, முடிவு நேரத்திலிருந்து கழித்து, டிவ்_யு64() கொண்டு பத்து லட்சத்தால் வகுத்து அச்சிடுங்கள். கேடைம்_கெட்(), கேடைம்_கெட்_கோர்ஸ்(), கேடைம்_கெட்_செகண்ட்ஸ்() மூன்றையும் அடுத்தடுத்து அளக்கலாம். மாட்யூலின் உரிமம் ஜிபிஎல் என்று எழுத மறக்காதீர்கள். கேடைம்_கெட்() ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. எழுதாவிட்டால் சம்பந்தமில்லாததுபோலத் தெரியும் ஒரு பிழை வந்து நிற்கும். முதல் முறை விர்ச்சுவல் மெஷினில் செய்வது நல்லது. இறுதி எண்ணுக்கு மட்டும் நிஜக் கணினி.

கூடவே பயனர் பக்கத்திலும் ஒரு சோதனை. க்ளாக்_கெட்டைம்() ஃபங்ஷனை ஒரு கோடி முறை கூப்பிடும் சி நிரல் எழுதி டைம் கட்டளையில் ஓட்டுங்கள். டிஎஸ்சி இருந்தால் அரை நொடிக்குள் முடிந்துவிடும். சிஸ்டம் கால்களை, அதாவது நிரல் கெர்னலுக்கு விடும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு கோடி அழைப்பில் ஒன்றுகூட சிஸ்டம் காலாகத் தெரியாது. கெர்னல் தன் அடிப்படை நேரத்தையும் மல்ட், ஷிஃப்ட் எண்களையும் படிக்க மட்டும் முடிகிற ஒரு பக்கத்தில் வைத்து, எல்லா நிரல்களுக்கும் காட்டுகிறது. படி 3-இல் பார்த்த அதே கணக்கை விடிஎஸ்ஓ என்ற சின்ன நூலகம் கெர்னலுக்குள் போகாமலே நிரலின் பக்கத்திலேயே போட்டுவிடுகிறது.

இப்போது ரூட்டாக மாறி, கரண்ட்_க்ளாக்சோர்ஸ் கோப்பில் எச்பிஇடி என்று எழுதுங்கள். அவைலபிள் பட்டியலில் அது இல்லையென்றால் ஏசிபிஐ_பிஎம் போதும். சில புதிய இன்டெல் கணினிகளில் கெர்னலே எச்பிஇடியை முடக்கி வைத்திருக்கும். அதே நிரலை மறுபடி ஓட்டுங்கள். இந்த முறை எஸ்ட்ரேஸில் சிஸ்டம் கால்கள் கொட்டும், நேரமும் பல மடங்காகும். மாட்யூலையும் மறுபடி ஏற்றிப் பாருங்கள். கேடைம்_கெட்() எண் எகிறியிருக்கும். கோர்ஸ் வகையும் நொடி வகையும் அசையாமல் அதே இடத்தில் இருக்கும், ஏனென்றால் அவை ஹார்ட்வேரைக் கேட்பதே இல்லை.

முடிந்ததும் அதே கோப்பில் டிஎஸ்சி என்று எழுதிவிடுங்கள். மறந்தாலும் பரவாயில்லை, ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.